ஏரோப்ளேனுக்குத் துணி கிழித்தவர்

"யாருக்கும்மா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

அன்று காலையிலிருந்து தியாகராய நகரில் ஹம்சா ஏறி இறங்கிய ஜவுளிக்கடைகளில் உண்மையைச் சொன்னபோதெல்லாம் சிரித்திருந்தார்கள். ஒரு கடையில் மேனேஜரைக் கூட்டி வந்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, இரண்டு பேராகச் சிரித்தார்கள். அதனால் இந்தக் கடையின் தரைத்தளத்தில், காடாத் துணியும் லைனிங் துணியும் அடுக்கியிருந்த மூலையில், வாயைத் திறக்கத் தயங்கி நின்றாள்.

"உங்களுக்கா, வீட்டுல பெரியவங்களுக்கா?"

ஆளுக்கு இல்லை என்றாள்.

"சன்னலுக்கா? மெத்தைக்கு உறை போடவா?"

இல்லையென்று தலையசைத்தாள்.

"எதுக்குன்னு சொன்னாத்தானம்மா எடுத்துப்போட முடியும்?"

"ஏரோப்ளேனுக்கு" என்றாள் ஹம்சா. பக்கத்தில் பாவாடைத் துணி பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

அவர் சிரிக்கவில்லை. கழுத்தில் கிடந்த அளவு நாடாவின் இரண்டு முனைகளையும் சமமாக இழுத்து விட்டுக்கொண்டார்.

"உள்ளயா, வெளியயா?"

"வெளியில. இறக்கை மேல."

"மழையில நனையுமா?"

நனையாது, அருங்காட்சியகத்தில் கூரைக்கு அடியில் நிற்கப்போகிற பழைய விமானம் என்றாள். என்ன நிறம் என்று கேட்டார். வெள்ளை போதும், மேலே நாங்களே பூசிக்கொள்வோம் என்றாள். எத்தனை மீட்டர் என்று கேட்டார். அவள் சொன்ன அளவைக் கேட்டபோதுதான் அவர் புருவம் கொஞ்சம் உயர்ந்தது.

"ஒரு கல்யாணப் பந்தலையே மூடிரலாம் தாயி" என்றவர், மூலையில் கிடந்த ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். "உக்காருங்க. நின்னுட்டே முடிக்கிற யாவாரம் இல்ல இது."

அவர் உட்காரவில்லை. வாடிக்கையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தரைத்தளத்து விற்பனையாளர்கள் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும் என்பது அந்தக் கடையின் விதி.

இப்படித்தான் கணேசமூர்த்தி அண்ணாச்சி ஹம்சாவுக்குப் பழக்கமானார். அது தொண்ணூற்று நான்காம் வருடத்துக் கோடை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து, மீசை அரும்பாத வயதில், தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டு தியாகராய நகருக்கு வந்தவர் அவர். வந்த நாளிலிருந்து ஒரே முதலாளி, ஒரே கடை. கடை வளர்ந்து மாடி மேல் மாடி ஏறியபோது அவரும் கூடவே ஏறினார். கடைசியில் மூன்றாவது மாடிப் பட்டுப் பிரிவு வரைக்கும் போனார். வெள்ளை மெத்தை விரிப்பில் சம்மணமிட்டு, முகூர்த்தப் புடவையை விசிறிபோல விரித்து, முந்தானையைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டுவாராம். மைலாப்பூர் மாமிகள் சிலர் அவர் இல்லாத நாளில் வாங்காமல் திரும்பியதும் உண்டாம். பிறகு முழங்கால் தகராறு செய்தது. மெத்தையிலிருந்து எழுந்திருக்கவே ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. முதலாளி நல்ல மனிதர். வேலையை விட்டு அனுப்பாமல் தரைத்தளத்துக்கு இறக்கினார். பட்டு பார்த்த கைக்குக் காடாத் துணி வந்தது. அதைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டு ஹம்சா கேட்டதில்லை. மூன்றாவது மாடிக்குப் போகிற வாடிக்கையாளர்கள் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது தன்னை அடையாளம் தெரியாததுபோல் நிற்பதை மட்டும் ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

மனைவி பேச்சியம்மாளும் மகள் ஷண்முகப்ரியாவும் ஊரில். அவர் இங்கே கடைப் பையன்களுக்கான அறையில். தீபாவளி விற்பனை முடிந்த பிறகு ஒரு தடவை, பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோவிலுக்கு ஒரு தடவை, வருடத்தில் இரண்டு பயணம். மற்றபடி அவருடைய உலகம் உஸ்மான் ரோட்டுக்கும் பனகல் பூங்காவுக்கும் நடுவில் அடங்கிவிடும்.

ஹம்சா மந்தைவெளிக்காரி. தமிழும் ஆங்கிலமும் ஒரே மாதிரி எழுத வரும் என்பதால் தரமணியில் ஒரு தற்காலிக வேலை கிடைத்திருந்தது. அங்கே ஒரு கல்வி வளாகத்தின் பின்புறம், தகரக் கொட்டகையில், பழைய டைகர் மாத் விமானம் ஒன்றைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். மேலும் கீழுமாக இரட்டை இறக்கை கொண்ட, விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கான சின்ன விமானம். வடக்கே தொடங்கவிருந்த தேசிய விமான அருங்காட்சியகத்துக்குத் தெற்கிலிருந்து போகிற முதல் விமானம் அதுதான். அதன் பக்கத்தில் வைக்கும் விளக்கப் பலகைகளை இரண்டு மொழியிலும் எழுதுவது ஹம்சாவின் வேலை. எழுதுகிற வேலை கொஞ்சம், மற்ற எடுபிடி நிறைய.

கொட்டகைக்குப் பொறுப்பு கல்யாணராமன். விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மர இறக்கைகளைச் சீராக்கி, கம்பிகளை முறுக்கி, எல்லாம் முடித்து வைத்திருந்தார். பாக்கி இருந்தது தோல். அந்தக் காலத்து விமானத்துக்குத் தோல் துணிதான். துணியை இழுத்துக் கட்டி, டோப் என்கிற ஒருவகை வார்னிஷைப் பூசினால், அது காயும்போது துணியைச் சுருக்கி மத்தளத்துத் தோல்போல விறைப்பாக்கிவிடும். அருங்காட்சியகத்திலிருந்து கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்: எலும்புக்கூடாக அனுப்ப வேண்டாம், முழு விமானமானால் எடுத்துக்கொள்கிறோம். ஜூன் முதல் வாரத்தில் லாரி வரும். கொட்டகையையும் அதற்குள் காலி செய்தாக வேண்டும். லாரி ஏறாவிட்டால் விமானம் புதுப்பேட்டைக் காயலான் கடைக்குப் போகும். வேறு போக்கிடம் கிடையாது.

வெளிநாட்டுத் துணிக்கு எழுதிப் போட்டுப் பதில் வராத நிலையில்தான் கல்யாணராமன், "ஹம்சா, மாம்பலத்துல ஒரு சுத்து சுத்திட்டு வாயேன். நெருக்கி நெய்த பருத்தின்னு கேளு" என்று அனுப்பியிருந்தார்.

அண்ணாச்சி முதலில் கொடுத்தது அவர் கையில் இருந்ததிலேயே உயர்ந்த துணி. ஒரு சின்னச் சட்டத்தில் கட்டி டோப் பூசிப் பார்த்தார்கள். காய்ந்ததும் பூச்சு அப்பளம்போல் உரிந்து கையோடு வந்தது. துணியில் கஞ்சி இருக்கிறது, அது டோப்பை உள்ளே விடாது என்றார் கல்யாணராமன். அப்போதுதான் ஹம்சாவுக்குப் பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கில் அயோடின் விட்டுப் பார்த்த சோதனை நினைவுக்கு வந்தது. மருந்துக் கடையில் ஒரு புட்டி டிங்ச்சர் அயோடின் வாங்கிக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனாள். ஒரு சொட்டு விட்டு நீலமானால் கஞ்சி இருக்கிறது என்று அர்த்தம்.

அன்று அந்தக் கடையில் இருந்த வெள்ளைத் துணி அத்தனையும் நீலமானது. அடுத்த கவுண்டரில் சுடிதார் விற்கிற பாலகணேஷ் வேடிக்கை பார்க்க வந்துவிட்டான்.

"இன்னா அண்ணாச்சி, டாக்டரம்மா வந்துகீறாங்க. துணிக்கு ஜுரமா?"

"ஜுரம் துணிக்கு இல்லடே, உனக்கு. போய் அந்தச் சுடிதாரை மடி."

ஆனால் அண்ணாச்சியின் முகம் வாடித்தான் போயிருந்தது. கஞ்சி போடாமல் தறியில் பாவு நூல் நிற்காது, கஞ்சியில்லாத துணி என்று ஒன்று நெய்யவே முடியாது என்று ஹம்சாவிடம் பொறுமையாக விளக்கினார். அதைக் கேட்டு ஹம்சாவின் முகமும் வாடியது. நாள் ஓடிக்கொண்டிருந்தது, வேறு கடையும் இல்லை. அவள் புட்டியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்திருந்தபோது, "நெய்யுததுக்கு வேணும். நெய்து முடிச்ச பிறகு அதுக்கு என்ன வேலை? வெளுத்து எடுத்துருவோம்" என்றார்.

சொன்னதைச் செய்தார். ராஜபாளையத்தில் ஆலையில் வேலை பார்க்கும் உறவினர் மூலம் அடர்த்தியான காடாத் துணியை லாரியில் வரவழைத்தார். வார விடுமுறையில், முழங்கால் வலியோடு, சைதாப்பேட்டை சலவைத்துறைக்குத் தானே எடுத்துக்கொண்டு போய், வெந்நீரில் ஊறவைத்து அலச வைத்தார். ஹம்சா புட்டியோடு அங்கே போனாள். முதல் அலசலில் வெளிர் நீலம். இரண்டாவதில் நீலம் மாதிரி ஒரு சந்தேகம். மூன்றாவதில் அயோடின் அயோடினாகவே பழுப்பாக நின்றது. சலவைக்காரர்கள் உட்பட எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு இதில் லாபமும் இல்லை, அவசியமும் இல்லை. கடைக்கு ஒரு பெரிய விற்பனை, அவ்வளவுதான். அதற்காக ஒருவர் தன் ஒரே ஓய்வு நாளைச் சலவைக் கல்லுக்குப் பக்கத்தில் கழிக்க வேண்டியதில்லை. ஹம்சாவுக்கு அது தெரிந்திருந்தது. நன்றி என்று சொல்ல நினைத்தாள். அந்தச் சொல் தமிழில் மேடைப் பேச்சாகவும் ஆங்கிலத்தில் கடைவாசல் மரியாதையாகவும் பட்டது. எதுவும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள்.

கல்யாணராமன் கொடுத்த அளவுப்படி அண்ணாச்சியே துணியைத் துண்டு துண்டாகக் கிழித்து, மடித்து அனுப்பினார். ராயப்பேட்டையிலிருந்து வந்த ஜஹீதா என்கிற தையல்காரப் பெண், அவற்றை இறக்கை அளவுக்கு நீண்ட உறைகளாகத் தைத்தாள். "இவ்ளோ பெரிய தலகாணி எந்த நவாபுக்கு சார்?" என்று கேட்டுக் கல்யாணராமனையே சிரிக்க வைத்தாள். உறைகளை இறக்கைகளில் மாட்டி, மெழுகு நூலால் சட்டங்களோடு சேர்த்துக் கட்டி, முதல் டோப் பூச்சும் முடிந்தது. கொட்டகை முழுக்க நகப்பூச்சும் வாழைப்பழ எசன்ஸும் கலந்தாற்போல ஒரு நெடி. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் ஹம்சா வந்தபோது கல்யாணராமன் இறக்கைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வெள்ளைத் துணியில் அங்கங்கே உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் வட்டங்கள் பூத்திருந்தன. நான்கு இறக்கைகளிலும் இருந்தன. தையல் ஓரங்களிலிருந்து புறப்பட்டு, நடுவில் அடர்ந்து, விளிம்பில் கரைந்து, சின்னச் சின்னச் சூரியன்கள்போல.

"பூஞ்சக்காளானா, மரத்துலேர்ந்து எண்ணெய் கசியறதான்னு தெரியலையேம்மா" என்றார் கல்யாணராமன். "எதுவானாலும் மேல பூசற ஒவ்வொரு பூச்சையும் துளைச்சுண்டு வரும். உரிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். துணியும் இல்லை, நாளும் இல்லை."

ஜஹீதா வட்டங்களை எட்டிப் பார்த்துவிட்டு, அந்த இடங்களில் முன்பே சின்னதாக மஞ்சள் பொட்டுகள் இருந்தன, தைக்க வேண்டிய அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன் என்றாள்.

ஹம்சாவுக்குப் புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் தியாகராய நகருக்குப் புறப்பட்டாள். கடையில் கூட்டம். அண்ணாச்சி ஒரு வீட்டுக்காரருக்குத் தலையணைத் துணி கிழித்துக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை காத்திருந்து, துணியில் மஞ்சள் வைத்தீர்களா என்று கேட்டாள்.

"வச்சேன் தாயி. ஒவ்வொரு துண்டுக்கும் ஓரத்துல." அவர் குரலில் பெருமை இருந்தது. "புதுத்துணி. முத முதல்ல உடுத்துது. அங்க யாரு வைக்கப் போறா? எல்லாம் இஞ்சினியருங்க."

வீட்டில் மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துத் தொட்டு வைத்தால் பொட்டு பொட்டாகவே இருக்கும். டோப்பில் இருக்கிற திரவம் மஞ்சளைக் கரைத்து இழுத்துக்கொண்டு ஓடும் என்பது அவருக்குத் தெரியாது. அவளுக்கும் அன்று காலைவரை தெரியாது. நடந்ததைச் சொன்னாள். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். அண்ணாச்சி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். நேராகச் சூப்பர்வைசரிடம் போய், எத்தனையோ வருடங்களில் கேட்டிராத ஒன்றை, பாதி நாள் விடுப்பைக் கேட்டார். ஹம்சாவோடு தரமணி பஸ் ஏறினார்.

கொட்டகைக்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார். அன்றுதான் அந்த விமானத்தை முதல்முதலாகப் பார்த்தார். அதன் முழு நீளத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வட்டங்களுக்கு வந்தார். ஒன்றின் மேல் விரல் வைத்துத் தேய்த்தார். போகவில்லை.

"நான் செஞ்ச வேலைதான் சார்" என்றார் கல்யாணராமனிடம். "தெரியாம செஞ்சிட்டேன். இதுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுதேன்."

கல்யாணராமன் கோபக்காரர். ஆனால் மஞ்சள் வைத்ததற்காக ஒருவரை எப்படித் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் வீட்டிலும் அதேதான் செய்வார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"வெயில்ல வெச்சா போயிடும்" என்றாள் ஹம்சா.

அந்தக் கொட்டகையில் கேட்காமல் அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் திரும்பினார்கள். மஞ்சள் கறை வெயிலில் நிற்காது என்பது துணி காயப்போடுகிற எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம். கல்யாணராமனுக்கும் தெரியும். ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று தெரியும்: அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு ஏறும்வரை இறக்கைத் துணியில் வெயில் படக் கூடாது. பட்டால் இழை இற்றுப்போகும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் மீறாத விதி அது.

"கறை போயிடும்மா. கூடவே துணியும் போயிட்டா?"

அண்ணாச்சி ஹம்சாவின் பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாள் வெயில் வேணும்?"

"கத்திரி வெயில். ரெண்டு, மிஞ்சினா மூணு நாள்" என்றாள்.

"மூணு நாள் வெயிலுக்கு இத்துப்போற துணியை நான் எடுத்துக் குடுக்கல சார். மஞ்சளைப் பத்தி எனக்குத் தெரியல. துணியைப் பத்தித் தெரியும்."

உரித்தால் நிச்சயமாகப் புதுப்பேட்டை. வெயிலில் வைத்தால் ஒருவேளை வடக்கு. "தூக்குங்கோ" என்றார் கல்யாணராமன் கடைசியில்.

வளாகத்து மைதானத்தில் மணல் மூட்டைகள் அடுக்கி, அதன்மேல் பழைய பாய்களை விரித்து, நான்கு இறக்கைகளையும் வானத்தைப் பார்க்கக் கிடத்தினார்கள். தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஏதோ பெரிய பறவையை அறுத்து வற்றல் போட்டதுபோல இருந்தது. ஆடு ஏறும், காகம் எச்சமிடும் என்று காவலுக்கு ஆள் வேண்டியிருந்தது. அண்ணாச்சி அன்று சாயங்காலம் வரை அங்கேயே இருந்தார். மறுநாளும், அதற்கு மறுநாளும் வந்தார். கடையில் என்ன சொல்லிவிட்டு வந்தார் என்று அவர் சொல்லவில்லை. ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, ஹம்சா கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து அவள் பார்த்தது அப்போதுதான். நடுநடுவே எழுந்து, நொண்டிக்கொண்டே ஒவ்வொரு வட்டத்தையும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மோரைக் கொடுத்தால் வாங்கிக் குடிப்பார். "வெளிறுதுல்லா?" என்று கேட்பார். வெளிறுகிறது அண்ணாச்சி என்பாள். உண்மையில் முதல் நாள் அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் வட்டங்களின் விளிம்பு காணாமல் போயிருந்தது. மூன்றாம் நாள், எங்கே இருந்தது என்று தெரிந்தவர்கள் தேடினால்தான் கண்டுபிடிக்கலாம் என்ற நிலை. கல்யாணராமன் வந்து, துணியை விரலால் சுண்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கட்டைவிரலை வைத்துப் பலமாக அழுத்தினார். துணி உள்வாங்கி, விரலை எடுத்ததும் திரும்பி நிமிர்ந்தது.

"இழை கெட்டியா இருக்கு" என்றார். "வெள்ளிப் பூச்சுக்குத் தயார் பண்ணுங்கோ."

அண்ணாச்சி குடையை மடக்கினார். பாயில் ஒட்டியிருந்த சருகுகளைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். முழங்கால் வலிக்கும் என்று ஹம்சா தடுக்க வேண்டியிருந்தது.

லாரி சொன்ன தேதிக்கு வந்தது. வடக்கிலிருந்து வந்த அதிகாரி விமானத்தைச் சுற்றி வந்து, அடியில் படுத்துப் பார்த்து, வெள்ளிப் பூச்சும் அடையாள எண்ணும் ஏறியிருந்த இறக்கைகளைத் தட்டிப் பார்த்து, ஒப்புக்கொண்டார். இறக்கைகளைத் தனியாகக் கழற்றிப் பஞ்சு மெத்தைகளுக்கு நடுவில் ஏற்றினார்கள். கல்யாணராமன் லாரி வளாகத்து வாசலைத் தாண்டும்வரை நின்று பார்த்துவிட்டு, காலியான கொட்டகைக்குள் போய்த் தன் கருவிகளை எண்ணெய்த் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அன்று அவர் எல்லோரிடமும் மிகவும் அன்பாக இருந்தார்.

ஹம்சா அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டே போனாள். இரண்டு மொழியில் பலகை எழுதியவளுக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை. கவுண்டருக்கு முன்னால் போய் நின்றதும், "ஏத்திட்டாங்க அண்ணாச்சி. நீங்க இல்லேன்னா நடந்திருக்காது" என்றாள். சொல்லி முடித்ததும் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காததுபோல, விரித்துக் கிடந்த ஒரு துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினார். மடித்து முடித்து, ஓரத்தைச் சீராக்கி, அடுக்கில் வைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கலாமா தாயி?"

கேளுங்கள் என்றாள்.

"இத்தனை வருசமா துணி கிழிச்சுக் குடுக்குதேன். வாங்கிட்டுப் போனவங்க திரும்பி வந்தா, சாயம் போச்சு, சுருங்கிருச்சு, இழை விட்டுருச்சுன்னுதான் வருவாங்க. நல்லாருந்தா யாரு வந்து சொல்லுதா?" குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க படிச்ச பிள்ளை, என்னைக்காவது அந்த ஊர்ப் பக்கம் போவீங்க. போனா அங்க ஒரு எட்டு போய், துணி எப்படி நிக்குன்னு பாருங்க. தொய்ஞ்சு கிடந்தா உங்க மனசோட வச்சுக்கிடுங்க. விறைப்பா நின்னுச்சுன்னா, வந்து என்கிட்ட சொல்லிட்டுப் போங்க."